சத்தமாகக் கேட்கக் கூடாத கேள்வி

தருமபுரியிலிருந்து பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் தடத்திலும், இண்டூர், பென்னாகரம் பக்கம் போகும் தடங்களிலும் நடத்துநராக வேலை பார்த்து வருகிறேன். காசு வாங்குவதும் டிக்கெட் கொடுப்பதும் கூட்டத்தில் நெரிந்து முன்னும் பின்னும் போய்வருவதும் சில மாதங்களில் பழகிவிடும். மாற்றுத்திறனாளிக்கான கட்டணச் சலுகை கேட்டு நிற்பவரின் முகத்தைப் பார்த்து, இவர் சொல்வது உண்மையா என்று முடிவு செய்யும் வேலை மட்டும் எனக்கு இன்றுவரை பழகவில்லை. ஊன்றுகோலோடு ஏறுகிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. எழுந்து இடம் கொடுப்பார்கள், பையை வாங்கி வைப்பார்கள். பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாத ஒருவர் அட்டையை நீட்டினால்தான் சுற்றியுள்ள தலைகள் எல்லாம் திரும்புகின்றன.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. பார்வையின்மை, கை கால் இயக்கக் குறைபாடு ஆகியவற்றோடு ஆட்டிசம், மனநோய், கற்றல் குறைபாடு, ஹீமோபிலியா, தலசீமியா, பார்க்கின்சன் நோய் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஓசூர் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாலும் இவற்றில் பலவற்றை நம்மால் கண்டுபிடிக்க முடியாது. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாது என்று மருத்துவர்கள் சான்று கொடுத்தால் சலுகைகளுக்கு வழி பிறக்கிறது. சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. புறநகர்ப் பேருந்தில் கால் பங்கு கட்டணம். இதையெல்லாம் எங்களுக்குச் சுற்றறிக்கையில் சொல்லிவிடுகிறார்கள். பயணிகளுக்கு யார் சொன்னார்கள்? அவர்கள் அறிந்த மாற்றுத்திறனாளி, கையில் கோலோ கண்ணில் கறுப்புக் கண்ணாடியோ உள்ளவர்தான்.

ஏமாற்றுகிறவர்கள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இறந்துபோன அண்ணனின் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்து, படத்தின் மேல் மை படியும்படி மடித்து வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பேருந்து நிலையத்தில் தனியாக நிற்கும் பார்வையற்றவரிடம் போய், 'நான் உங்கள் துணைக்கு வருவதாகச் சொல்லுங்கள்' என்று கெஞ்சி ஏறுகிறவர்கள் உண்டு. அந்தப் பார்வையற்றவருக்கு இவர் யாரென்றே தெரியாது. இறங்குமிடம் வந்ததும் அவரை அப்படியே விட்டுவிட்டு இவர் முதலில் இறங்கிப் போய்விடுவார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. போன டிக்கெட் காசு பெரிய தொகை ஒன்றும் இல்லை. இப்படி ஒருவர் பிடிபடுவதைப் பார்த்த ஐம்பது பேரும், அடுத்து உண்மையாகவே அட்டை நீட்டுகிறவரை அதே கண்ணோடு பார்க்கிறார்கள். அதுதான் உண்மையான நட்டம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வெளியே தெரியாத குறைபாடுகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது அளவு. அதைத் தாண்டிய கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் குடித்தே இங்கே தலைமுறைகள் வளர்ந்திருக்கின்றன. 2008இல் அடிக்கல் நாட்டி 2013இல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. பற்களில் பழுப்புக் கறை இருந்தால் எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்கும் வழக்கமே எங்களிடம் இருந்தது. பல்லோடு நின்றால் பரவாயில்லை. ஆண்டுக்கணக்கில் எலும்பில் சேர்ந்தால் முதுகும் கழுத்தும் இறுகிப்போய்விடும், தசைநாண்களே கெட்டிப்படும். அப்படிப்பட்டவர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் நம்மைப் போலத்தான் தெரிவார்.

பென்னாகரம் தடத்தில் அப்படி ஒருவர் அடிக்கடி வருவார். வயது ஐம்பதுக்குள் இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இருக்கையில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். ஒரு சந்தை நாளில் கூட்டம் பிதுங்கியது. கூடையோடு நின்றிருந்த மூதாட்டிக்காகப் பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "பெரியவரே, நன்றாகத்தானே இருக்கிறீர்கள், எழுந்து அந்த அம்மாவுக்கு இடம் கொடுங்கள்." இவர் திரும்பவில்லை. "காது கேட்கவில்லையா? என்ன திமிர் பாருங்கள்" என்று குரல் ஏறியது. இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அவரால் கழுத்தைத் திருப்ப முடியாது. தன்னைத் திட்டுகிறவர் யாரென்று பார்க்க வேண்டுமென்றால், அவர் கம்பியைப் பிடித்து எழுந்து, காலை மாற்றி மாற்றி வைத்து, முழு உடம்பையும் திருப்பியாக வேண்டும். அதைத்தான் அவர் செய்யத் தொடங்கினார். அவர் பாதி எழுந்தபோதே பேருந்தில் சத்தம் அடங்கிவிட்டது. மூதாட்டி கூடையைக் கீழே வைத்துவிட்டு, "உட்காரப்பா, உட்கார்" என்று அவர் தோளைத் தொட்டார். திட்டியவர் கெட்டவர் இல்லை, மூதாட்டிக்காகத்தான் பேசினார். நல்ல எண்ணத்தோடு ஒருவரை இவ்வளவு நோகடிக்க முடியும் என்பதை நான் அன்றைக்குத்தான் கண்முன்னே பார்த்தேன்.

கொரோனா காலத்தில் இது இன்னும் கூர்மையாயிற்று. 2020 செப்டம்பர் 7ஆம் தேதி மாவட்டம் விட்டு மாவட்டம் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கின. முகக்கவசம் இல்லாதவர்களுக்கு 200 ரூபாய் அபராதம் என்று அந்த மாதமே அரசு அறிவித்திருந்தது. 2022 ஜனவரியில் அது 500 ஆனது. முகக்கவசம் இல்லாமல் யாரையும் ஏற்றக்கூடாது என்பது அப்போது எங்களுக்கு உத்தரவு. உத்தரவு தேவையானதுதான். அந்த ஆண்டுகளில் எங்களோடு வேலை பார்த்தவர்களையே இழந்திருக்கிறோம். ஆனால் முகத்தில் துணியைத் தாங்கவே முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளை முகக்கவசம் அணியும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2020 ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தன. ஜெனீவாவில் சொன்னது மாரண்டஅள்ளி நிறுத்தம் வரை வந்து சேரவில்லை.

எங்கள் காலைப் பேருந்தில் வேலைக்குப் போகும் இளைஞர்கள் சிலர், மூச்சுத்திணறல் இருப்பதால் முகக்கவசம் அணிய இயலாது என்று ஒரு மருத்துவரின் கடிதத்தைக் காட்டுவார்கள். கையெழுத்து ஒன்று, முத்திரை ஒன்று, தேதியும் ஒன்று. பெயர் மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு மையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு வழி முழுக்கச் சிரித்துப் பேசி வருவார்கள். கூட வந்தவர்கள் எல்லோருக்கும் அது போலி என்று தெரியும். அதே வாரத்தில் அதே பேருந்தில் பாலக்கோட்டில் ஓர் அம்மா, பத்து வயதுப் பையனோடு ஏறினார். முகக்கவசத்தைக் கட்டக் கட்டப் பையன் பிடுங்கி எறிந்தான். கட்டும்போது அவன் அழுத அழுகை, அடித்தால் வரும் அழுகை போல இருந்தது. "கட்டிவிடுங்கள், இல்லையென்றால் இறங்குங்கள்" என்று ஒருவர். "உங்கள் பிள்ளைக்காக நாங்கள் எல்லோரும் சாக வேண்டுமா?" என்று இன்னொருவர். அந்த அம்மா பையிலிருந்து ஆட்டிசச் சான்றிதழை எடுத்தார். வரிசையில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கடிதமெல்லாம் இப்போது எங்கே வேண்டுமானாலும் கிடைக்கிறது" என்றார்.

அதன்பிறகு அந்த அம்மா செய்ததுதான் என் மனதை விட்டுப் போகவில்லை. சான்றிதழைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பையன் எந்த வயதில் பேச ஆரம்பித்தான், எதற்கெல்லாம் பயப்படுவான், இரவில் எப்படித் தூங்காமல் இருப்பான் என்று முன்பின் தெரியாத கூட்டத்திடம் ஒப்பித்தார். பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தான். ஓர் இருக்கைக்காக ஒரு தாய் தன் வீட்டுக்குள் உள்ளதையெல்லாம் நடுத்தெருவில் கொட்டிக் காட்ட வேண்டியிருந்தது. ஓட்டுநர் அண்ணனிடம் சொல்லி, அவர்களை முன்பக்க ஜன்னலோர இருக்கையில் அமர்த்தி, பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டேன். பயணிகளின் பயத்தை நான் குறை சொல்லவில்லை. கூச்சல் போட்டவர்களில் யார் வீட்டில் என்ன நடந்ததோ. அந்த இளைஞர்கள்மேல் மட்டும் எனக்குக் கோபம் தீரவில்லை. அவர்கள் காட்டிய பொய்க் காகிதத்துக்கான விலையை அந்த அம்மா கொடுத்தார்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல என்பது பின்னால்தான் தெரிந்தது. ஓசூரில் ஏறிய இளம்பெண் ஒருவர் கழுத்தில் பச்சை நாடா, அதில் மஞ்சள் சூரியகாந்திப் பூக்கள். பெங்களூரு விமான நிலையத்தில் கொடுத்தார்களாம். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் விரும்பினால் அணிந்துகொள்ளலாம். கொஞ்சம் கூடுதல் நேரமோ பொறுமையோ தேவைப்படும் என்று ஊழியர்கள் புரிந்துகொள்வார்கள். இந்த ஏற்பாடு 2016இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது. அணிவதற்குச் சான்று எதுவும் கேட்பதில்லை. 2020 ஜூலையில் இங்கிலாந்துக் கடைகளில் முகக்கவசம் கட்டாயமானபோது இந்த நாடாவே தொல்லைக்கு உள்ளானது. முகக்கவசம் அணிய இயலாதவர்களுக்கு அங்கே சட்டப்படி விலக்கு இருந்தது, அதற்கும் சான்று காட்ட வேண்டியிருக்கவில்லை. உடனே எந்தக் குறையும் இல்லாதவர்கள் பூ நாடாவை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். இணையத்தில் போலிகளும் விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவில் அரசு முத்திரை போட்ட போலி விலக்கு அட்டைகளே சுற்றி, அவற்றை நம்ப வேண்டாம் என்று நீதித்துறை எச்சரிக்க நேர்ந்தது. பல ஆண்டுகளாக அந்த நாடாவை உண்மையாக அணிந்து வந்தவர்கள் கடை வாசலில் முறைப்புகளைச் சந்தித்தார்கள். பாலக்கோட்டு அம்மாவுக்கு நடந்ததேதான்.

ஓசூரில் ஏறிய அந்தப் பெண்ணுக்கு ஒரு காது முற்றிலும் கேட்காது. கணக்குப்படி அது 40 சதவீதத்தைத் தொடவில்லை, ஆகவே சலுகை இல்லை. முழுக் கட்டணம் கொடுத்துத்தான் டிக்கெட் வாங்கினார். "ஒன்றே ஒன்று அண்ணா, தருமபுரி வந்ததும் என் பக்கத்தில் வந்து சொல்லுங்கள். எஞ்சின் சத்தத்தில் நீங்கள் கூப்பிடுவது எனக்குப் புரியாது" என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது. முகக்கவச நாட்களில் யார் பேசினாலும் வாய் அசைவு தெரியாமல் உலகமே ஊமையாகிவிட்டது போலிருந்ததாம். இங்கிலாந்தின் விதியில், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவரோடு பேசும்போது, பேசுகிறவர் தன் முகக்கவசத்தைக் கழற்றலாம் என்று இருந்தது. விலக்கு என்றால் நோயாளிக்கு மட்டும் தரும் தயவு என்றே நினைத்திருந்த எனக்கு அது புதிது.

நம் சட்டத்தின் இரண்டு பிரிவுகளை எங்கள் பணிமனைச் சுவரில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் ஆசை. மாற்றுத்திறனாளிகளுக்கான பயனை மோசடியாகப் பெற்றால் 91ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுமக்கள் பார்க்கும்படி வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 92ஆவது பிரிவின்படி குறைந்தது ஆறு மாதம், அதிகம் ஐந்து ஆண்டு சிறை, கூடவே அபராதம். ஏமாற்றுகிறவனைவிட அவமானப்படுத்துகிறவனுக்குத் தண்டனை கூடுதல். சட்டம் எழுதியவர்கள் சரியாகத்தான் நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிடிபடாமல் போன போலி ஒன்றால் சில ரூபாய் போகும். ஓடும் பேருந்தில் அத்தனை பேர் முன்னால் 'உனக்கு என்ன குறை?' என்று கேட்கப்பட்டவர், அடுத்த முறை அட்டையை எடுக்காமல் முழுக் காசு கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அப்படிப் போகிறவர்களை நான் அறிவேன்.

அட்டையிலும் ஒரு திருத்தம் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் தனி அடையாள அட்டையான யூடிஐடி அட்டையில் குறைபாட்டின் பெயரையே அச்சிட்டிருக்கிறார்கள். கல்லூரி மாணவர் ஒருவர் எப்போதும் அட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடிதான் நீட்டுவார். படமும் சதவீதமும் தெரியும், மனநோய் என்ற வரி மட்டும் விரலுக்கு அடியில் இருக்கும். சலுகை கொடுக்க எனக்குத் தேவை பெயர், படம், சதவீதம், செல்லுபடியாகும் தேதி. வியாதியின் பெயர் எனக்கு எதற்கு? அது மருத்துவருக்கும் அலுவலகக் கணினிக்கும் தெரிந்தால் போதும்.

புதிதாக வேலைக்கு வந்து என்னோடு தடத்தில் பழகும் தம்பிகளிடம் நான் சொல்வது இதுதான். அட்டையை உயர்த்திப் பிடித்துப் பார்க்காதே, இடுப்பளவில் வைத்துப் பார். அதில் உள்ளதை வாய்விட்டுப் படிக்காதே. விரலால் மறைத்திருந்தால் விரலை எடுக்கச் சொல்லாதே. சந்தேகம் இருந்தால் அடுத்த நிறுத்தத்தில் வண்டி நிற்கும்போது குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி கேள். பக்கத்தில் இருப்பவர் 'இவருக்கு எதற்குச் சலுகை?' என்று ஆரம்பித்தால், அட்டையை நான் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லி நிறுத்து, காரணம் சொல்லாதே. போலிதான் என்று உறுதியானால் முழுக் கட்டணத்தை வாங்கு, அதையும் தணிந்த குரலில் கேட்டு வாங்கு. முன் இருக்கையில் இன்னொருவர் தன் அட்டையைப் பையிலிருந்து எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்.