அம்பாவுக்கு வாய் திறக்காதவர்

திருகோணமலையில் மனநலத் தாதியாக வீடு வீடாகப் போய்வந்த காலத்தில், நான் கொப்பியில் அடிக்கடி எழுதிய சொல் 'அமைதியாக இருக்கிறார்'. அது நல்ல செய்தி என்று நம்பித்தான் எழுதினேன். நிலாவெளிப் பக்கத்துக் கரைவலைத் தொழிலாளி ஒருவரால்தான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

அவருக்கு மனச்சிதைவு நோய். வருத்தம் கூடியிருந்த நாட்களில், கரையில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று நினைப்பார். காதில் கேட்கும் குரல்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு இராத்திரி முழுக்க நடப்பார். மாதம் ஒருமுறை புளூபெனசின் ஊசி போடத் தொடங்கிக் கொஞ்சக் காலத்தில் குரல்கள் தணிந்தன. தாய்க்கு நித்திரை வந்தது. மருந்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 1952இல் பாரிசில் இந்த நோய்க்கான முதல் மருந்தான குளோர்புரோமசின் பயனுக்கு வருவதற்கு முன், இப்படிப்பட்ட எத்தனையோ பேருடைய வாழ்க்கை ஆஸ்பத்திரிச் சுவருக்குள்ளேயே முடிந்திருக்கிறது.

ஆனால் தாய் ஒருநாள் சொன்னார்: "மிஸ், பிள்ளை இப்ப சத்தம் போடுறதில்ல, அது சரி. ஆனா வீட்டில ஒரு ஆள் இருக்கிற மாதிரியும் இல்ல." அக்கா மகளின் சாமத்திய வீட்டில் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் மூலையில் இருந்தாராம். என்ன கோபமோ என்று சொந்தக்காரர் ஒதுங்கிவிட்டார்கள்.

அடுத்த கிழமை கரைக்கே போனேன். வலை இழுக்கும்போது ஒருவர் அம்பா என்ற தொழிற்பாட்டை எடுத்துக்கொடுப்பார். மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்லி, அந்தத் தாளத்துக்குக் கயிற்றை இழுப்பார்கள். இவர் கயிற்றைப் பிடித்திருந்தார், வாய் திறக்கவில்லை. எல்லாரும் சாய்ந்து நிமிரும்போதுதான் இவர் சாயத் தொடங்குவார். நடக்கையில் கைகள் வீசவில்லை. வேலை முடிந்தபின் அவருடைய முழங்கையைப் பிடித்து மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தேன். பல்சக்கரம் தட்டுவதுபோல விட்டுவிட்டு அசைந்தது.

"முகத்துக்குச் சிரிப்பு வருதில்ல மிஸ். உள்ளுக்குச் சிரிக்கிறன்" என்றார்.

நாலு மாதமாக அவரைப் பார்த்துவந்தவள் நான். ஒருநாள்கூட அந்தக் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

இந்த மருந்துகள் மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற இரசாயனத்தின் வேலையைத் தடுத்துத்தான் குரல்களை அடக்குகின்றன. அதே டோபமின்தான் உடலின் அசைவுக்கும், ஒன்றைச் செய்யவேண்டும் என்ற உந்துதலுக்கும் வேண்டியிருக்கிறது. தடுப்பு அளவு மீறினால் உடம்பு இறுகும், முகம் மரத்துப்போகும். சிக்கல் என்னவென்றால், நோயே ஆளை ஒதுங்கவைக்கும், பேச்சைக் குறைக்கும். அந்த ஒதுக்கத்தை மருந்து பெரிதாக மாற்றுவதுமில்லை. ஆகவே ஒருவர் மூலையில் இருந்தால் அது நோயா, மருந்தா, ஊர் பேசிய பேச்சில் பட்ட வெட்கமா என்று தூர நின்று சொல்லமுடியாது. பக்கத்தில் இருக்கவேண்டும், கேட்கவேண்டும்.

நேர்மாறாக, மருந்து சிலரை ஒரு இடத்தில் இருக்கவிடாமலும் செய்யும். ஒரு பெண் கோயிலில் பூசை முடியும்வரை உட்காரமுடியாமல் எழும்பி எழும்பி நடந்தார். ஊர் அதற்குப் பேய் என்று பேர் வைத்தது. அது மருந்து கொடுத்த கால் பதைப்பு.

கரைவலைக்காரருடைய கதையை டொக்டரிடம் சொன்னேன். ஊசியின் அளவைக் கொஞ்சம் குறைத்து, இறுக்கத்துக்கு பென்ஸெக்சோல் எழுதினார். நாங்களாக நிறுத்தியிருந்தால் குரல்கள் திரும்பியிருக்கும். அப்படித் திரும்பிய வீடுகளையும் பார்த்திருக்கிறேன். முகம் இளக மாதங்கள் எடுத்தன. பல வருசம் பழகாமல் விட்ட பேச்சை எந்த ஊசியும் திருப்பித் தருவதில்லை. தேத்தண்ணிக் கடையில் பக்கத்தில் இடம்விட்ட கூட்டாளிகள்தான் அதில் பாதியைச் செய்தார்கள்.

அடுத்த பருவத்தில் அம்பாவின் கடைசிச் சொல்லை மட்டும் மற்றவர்களோடு சேர்ந்து சொன்னார். அந்தக் கிழமை தாய் எனக்கு போன் எடுத்தார்.

"மிஸ், சொதியில உப்பில்ல எண்டு இண்டைக்கு என்னோட சண்டை பிடிச்சவன்!"