நதியோடு ஏறி, நதியோடு இறங்கி: மெண்டோசாவிலிருந்து சாந்தியாகோ வரை

அர்ஜென்டினாவின் மெண்டோசா நகரில் எந்தத் தெருவில் நடந்தாலும், நடைபாதைக்கும் சாலைக்கும் இடையில் ஒரு வாய்க்கால் நம்முடன் கூடவே வருகிறது. அசெக்கியா என்பது அதன் பெயர். ஆண்டு முழுவதற்கும் சுமார் 200 மில்லிமீட்டர் மழையை மட்டுமே காணும் அந்த ஊரில், தெருக்களைக் கூரைபோல் மூடி நிற்கும் மரங்கள் அனைத்தும் அந்த வாய்க்கால் நீரைக் குடித்தே வாழ்கின்றன. ஸ்பானியர்கள் 1561இல் நகரை நிறுவுவதற்கு முன்பே, அங்கு வாழ்ந்த ஹுவார்ப்பே மக்கள் மலையிலிருந்து வரும் ஆற்று நீரை வாய்க்கால் வெட்டித் திருப்பிப் பயிர் செய்திருந்தார்கள். நாங்கள் தங்கியிருந்த விடுதியின் வாசலிலும் அப்படியொரு வாய்க்கால் இருந்தது. அதில் கை வைத்தால், ஏப்ரல் மாதத்துப் பகல் வெயிலிலும் விரல்கள் குளிர்ந்தன. இந்த நீர் எங்கிருந்து வருகிறதோ அந்த இடம் வரை சாலை வழியாகவே போய், மலையைத் தாண்டி, சிலியின் தலைநகரான சாந்தியாகோவில் இறங்குவது என்று நானும் என் மனைவியும் அன்றுதான் முடிவு செய்தோம்.

இரு நகரங்களுக்கும் இடையே விமானத்தில் ஒரு மணி நேரத்திற்கும் குறைவாகவே ஆகிறது. பேருந்தும் உண்டு. ஆனால் பேருந்து எல்லைச் சோதனைக்காக நிற்பதைத் தவிர, நாம் பார்க்க விரும்பும் இடம் எதிலும் நிற்காது. நாமே காரை வாடகைக்கு எடுத்து ஓட்டலாம் என்றால், அண்டை நாட்டுக்குள் கொண்டுசெல்வதற்கான அனுமதிப் பத்திரத்தையும் காப்பீட்டையும் பல நாட்களுக்கு முன்பே கேட்டுப் பெறவேண்டும். அதற்கு மேல், ஒரு நாட்டில் எடுத்த காரை மற்றொரு நாட்டில் விட்டுவிட்டு வருவதற்குப் பெரும்பாலும் வழியில்லை. ஆகவே, இந்தப் பாதையிலேயே பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஓட்டுநரையும் அவருடைய காரையும் ஒரு நாளுக்கு அமர்த்திக்கொண்டோம். மொத்தத் தொலைவு ஏறக்குறைய 360 கிலோமீட்டர்தான் என்றாலும், பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரவேண்டுமானால் விடியும் முன்பே கிளம்பவேண்டும் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

காலை ஆறரை மணிக்குக் கார் வந்தது. அவர் பின்கதவைத் திறந்தபோது உள்ளே இரண்டு எச்சரிக்கை முக்கோணங்களும் ஒரு தீயணைப்பானும் இருந்தன. அர்ஜென்டினாவின் சாலை விதிப்படி இவை ஒவ்வொரு காரிலும் இருக்கவேண்டியவை. அவற்றின் அருகே, பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரங்களில் சுற்றும் பனிச் சங்கிலிகளும் ஒரு பையில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அங்கே இலையுதிர்காலமான ஏப்ரலில் அவை தேவைப்படுவது அரிது. ஆனாலும் ஏப்ரல் பிறந்த பிறகு அவர் அவற்றை இறக்கி வைப்பதில்லையாம். முன்னிருக்கையின் அருகே வெந்நீர்ப் புட்டியும், அந்நாட்டவர் தேநீர்போல் வெந்நீர் ஊற்றிக் குடிக்கும் மாத்தே இலை நிறைத்த சுரைக்குடுவையும் தயாராக இருந்தன. நகரத்தை விட்டு வெளியேறும்போதே அவர் முகப்பு விளக்குகளைச் சரிபார்த்தார். நெடுஞ்சாலையில் பகலிலும் விளக்கெரிய ஓட்டுவது அங்கே கட்டாயம்.

நகருக்குத் தெற்கே திராட்சைத் தோட்டங்களின் நடுவில் சென்றுகொண்டிருந்தபோது எங்கள் முதுகுப் பக்கம் சூரியன் எழுந்தது. அறுவடை ஏறக்குறைய முடிந்துவிட்டிருந்ததால் கொடிகளின் இலைகள் சிவந்து தொங்கின. அவற்றுக்குப் பின்னால், மேற்கே, கோர்தோன் தெல் பிளாத்தா மலைத்தொடரின் பனி முகடுகள் முதலில் இளஞ்சிவப்பாகவும் பிறகு வெண்மையாகவும் மாறின. அங்கிருந்து 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மேற்கே திரும்பி மலைக்குள் நுழைகிறது. புவெனஸ் அயர்ஸில் தொடங்கி நாட்டின் குறுக்கே வந்து சிலி எல்லையில் முடியும் சாலை இது. பொத்ரேரியோஸ் நீர்த்தேக்கத்தின் கரையில் முதல் முறையாக இறங்கினோம். மரமற்ற பழுப்பு மலைகளுக்கு நடுவே பச்சையும் நீலமும் கலந்து கிடந்த அந்த நீர்ப்பரப்புதான், நேற்று என் விரல்களைக் குளிரவைத்த வாய்க்கால்களுக்குத் தாய். மெண்டோசா நதி இங்கே தேக்கப்பட்டு, பின்னர் தோட்டங்களுக்கும் தெருக்களுக்கும் பிரிந்து செல்கிறது. பழைய சாலையின் ஒரு பகுதி நீருக்குள் போய்விட்டதால், நாங்கள் வந்த சாலை பிற்பாடு மேலே வெட்டப்பட்டதாகும்.

அதன் பிறகு நதியும் சாலையும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதில்லை. சாலை சில இடங்களில் நதியை ஒட்டியும் சில இடங்களில் உயரே விலகியும் சென்றாலும், சாக்லேட் நிறத்தில் கலங்கி ஓடும் அந்த நீர் கண்ணைவிட்டு மறையவில்லை. அதன் கரையில், பாலங்கள் இடிந்தும் தண்டவாளங்கள் அந்தரத்தில் தொங்கியும் கிடக்கும் ஒரு பழைய ரயில் பாதையும் கூடவே வருகிறது. கிளார்க் சகோதரர்கள் 1887இல் வேலையைத் தொடங்கிய ஆண்டிஸ் ரயில் பாதை அது. செங்குத்தான இடங்களில் பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும்படி அமைக்கப்பட்டு, 1910இல் இரு நாடுகளையும் இணைத்தது. 1934இல் மலைமேல் பனியாற்றால் அடைபட்டிருந்த ஏரி உடைந்து பாய்ந்த வெள்ளம் பாதையின் பெரும்பகுதியை அடித்துச் சென்றது. செப்பனிட்டு ரயில் மீண்டும் ஓடப் பத்தாண்டுகள் ஆயின. 1979இல் பயணிகள் ரயிலும் அதைத் தொடர்ந்து சில ஆண்டுகளில் சரக்கு ரயிலும் நின்றுபோயின. அந்தச் சரக்கெல்லாம் இன்று லாரிகளில் செல்கிறது. பிரேசில், பராகுவே பதிவெண்கள் கொண்ட நீண்ட லாரிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, அந்த ரயிலைக் கைவிட்டது பெரும் இழப்பு என்றே எனக்குத் தோன்றியது.

உஸ்பயாத்தா என்னும் சிற்றூரில் காலை உணவு உண்டோம். வறண்ட பள்ளத்தாக்கின் நடுவே மஞ்சளாகப் பழுத்து நின்ற பாப்லர் மரங்கள், அந்த இடத்தில் நீர் உண்டு என்பதைத் தொலைவிலிருந்தே சொல்லின. எல்லைக்கு முன் பெட்ரோல் நிரப்புவதற்கு இதுவே கடைசி ஊர் என்று எண்ணிக்கொள்வது நல்லது. 1817இல் ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போரின் தளபதி சான் மார்ட்டின் தம் படையைப் பிரித்து ஆண்டிஸைக் கடந்தபோது, லாஸ் எராஸ் தலைமையிலான பிரிவு பீரங்கிகளுடன் இந்த வழியாகத்தான் சென்றது. சார்லஸ் டார்வினும் 1835 ஏப்ரலில், நாங்கள் சென்ற அதே திசையில், கோவேறு கழுதைகளுடன் இந்தப் பள்ளத்தாக்கைக் கடந்தார். உஸ்பயாத்தாவின் அருகே உள்ள மலைத்தொடரில் கல்லாக மாறி நின்ற மரங்களைக் கண்டு, கடலோரத்தில் வளர்ந்த காடு கடலுக்குள் அமிழ்ந்து பிறகு மலையாக எழுந்திருக்கிறது என்று அவர் கணித்தார். சாலையின் இருபுறமும் சிவப்பு, பச்சை, ஊதா என்று சாய்ந்து நிற்கும் பாறை அடுக்குகளைப் பார்த்துக்கொண்டே செல்லும்போது அந்தக் கணிப்பு புத்தகச் செய்தியாகத் தோன்றுவதில்லை.

உஸ்பயாத்தாவைத் தாண்டிய பின் சாலையோரத்தில் ஒரு சிறு கற்கோயில் தென்பட்டது. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் புட்டிகள், பெரும்பாலானவை தண்ணீர் நிரப்பி மூடியவை, வெயிலில் மின்னின. ஓட்டுநர் எதுவும் சொல்லாமல் காரை ஓரம் கட்டினார். எங்களுக்கென வாங்கி வைத்திருந்த புட்டிகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கிப் போய், ஏற்கெனவே இருந்தவற்றுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார்; அது சாயாமலிருக்க அடியில் ஒரு கல்லை அண்டைக் கொடுத்துவிட்டு வந்தார். திஃபுந்தா கொர்ரேயா என்ற பெண்ணுக்கான கோயில் அது. 1840களில் உள்நாட்டுப் போரின்போது, கணவனைத் தேடிக் கைக்குழந்தையுடன் சான் ஹுவான் பாலைவனத்தில் நடந்தவள் தாகத்தால் இறந்துபோனாள் என்றும், அவளைக் கண்டெடுத்தவர்கள் குழந்தை அவள் மார்பில் பால் குடித்தபடி உயிரோடிருப்பதைப் பார்த்தார்கள் என்றும் மக்கள் நம்புகிறார்கள். தாகத்தில் செத்தவளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் லாரி ஓட்டுநர்கள் மலையேறுகிறார்கள். திருச்சபை அவளைப் புனிதையாக ஏற்றதில்லை. சாலையில் பிழைப்பவர்களுக்கு அந்த ஏற்பு தேவைப்படவுமில்லை.

புந்தா தே வாகாஸ் என்ற இடத்தில், நாங்கள் தேடிவந்த பதில் ஒருவாறு கிடைத்தது. துப்புங்காத்தோ, வாகாஸ், குவேவாஸ் என்னும் மூன்று ஆறுகள் இங்கே கூடி மெண்டோசா நதியாகின்றன. இதற்கு மேல் சாலை குவேவாஸ் ஆற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. சிறிது தொலைவில் புவெந்தே தெல் இன்கா. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,700 மீட்டர் உயரத்தில், ஆற்றின் மேல் இயற்கையே கட்டிய பாலம் இது. மலையிலிருந்து சரிந்த கல்லும் மண்ணும் பனியும் ஆற்றின் குறுக்கே குவிந்திருக்க, அருகில் ஊறும் வெந்நீர்ச் சுனைகளின் தாதுக்கள் அவற்றைக் காரைபோல் இறுக்கிவிட்டன. ஆறு அடியில் துளைத்துத் தன் வழியை எடுத்துக்கொண்டது. பாலம் முழுவதும் மஞ்சளும் ஆரஞ்சும் படிந்து, மஞ்சள் பூசிய கல்லைப்போல இருக்கிறது. அதையொட்டி, பழைய வெந்நீர்க் குளியல் கூடத்தின் சுவர்களும் அதே நிறத்தில் ஊறிக்கிடக்கின்றன. ரயில் ஓடிய காலத்தில் செழித்திருந்த விடுதி 1965இல் பனிச்சரிவில் அழிந்தது. அதன் சிறிய தேவாலயம் மட்டும் தப்பி நிற்கிறது. பாலத்தின் மேல் நடக்க இப்போது அனுமதியில்லை. அது மிகச் சரியான முடிவு. பக்கத்துக் கடைகளில் சப்பாத்து, புட்டி, குதிரை லாடம் ஆகியவற்றைச் சுனை நீரில் பல நாட்கள் வைத்துத் தாது படியவைத்து விற்கிறார்கள். என் மனைவி வாங்கிய சிறு லாடம் இப்போதும் எங்கள் புத்தக அலமாரியில் இருக்கிறது. தொட்டால் விரலில் மணல்போல் நெருடுகிறது.

இன்னும் சற்று மேலே, அகொன்காகுவா மலைப் பூங்காவின் வாசலுக்கு அருகில், வடக்கே பள்ளத்தாக்கு திறந்துகொள்ள, அகொன்காகுவாவின் தெற்குச் சுவர் முழுவதும் தெரிந்தது. 6,961 மீட்டர் என்று நெடுங்காலமாகக் குறிக்கப்பட்டுவரும் அதன் உயரத்தை ஆசியாவுக்கு வெளியே வேறெந்த மலையும் எட்டுவதில்லை. 1897இல் மத்தியாஸ் சுர்பிரிகன் தனியாளாக முதலில் அதன் உச்சியை அடைந்தார். காற்று பலமாக வீசிய அந்த இடத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் நின்றோம். இந்த அரைமணி நேரத்துக்காகவே தனிக் காரின் கூடுதல் செலவு தகும் என்று நான் மனமார நம்புகிறேன். மேலும், கிழக்கிலிருந்து மேற்கே வருவதில் ஒரு வசதி உண்டு: ஏறக்குறைய 750 மீட்டரில் தொடங்கி 200 கிலோமீட்டர் தூரத்தில் மெல்ல மெல்ல ஏறுவதால் உடல் உயரத்துக்குப் பழகிக்கொள்கிறது. எங்களுக்குச் சிறு தலைபாரத்தைத் தவிர வேறு தொல்லையில்லை.

லாஸ் குவேவாஸ் அர்ஜென்டினாவின் கடைசிக் குடியிருப்பு. அங்கிருந்து ஒரு மண் சாலை வளைந்து வளைந்து 3,832 மீட்டர் உயரத்திலுள்ள பழைய கணவாய்க்கு ஏறுகிறது. இரு நாடுகளுக்கும் இடையிலான எல்லைத் தகராறு போராக மூளாமல் தீர்ந்ததன் நினைவாக, பீரங்கிகளை உருக்கிய வெண்கலத்தில் மத்தேயோ அலோன்சோ வடித்த கிறிஸ்துவின் சிலை 1904 மார்ச் 13 முதல் அங்கே நிற்கிறது. அதைப் பார்க்க எனக்குப் பெரும் ஆசை இருந்தது. ஆனால் அன்று வீசிய காற்றில் ஏறுவது தகாது என்று ஓட்டுநர் சொன்னதை மறுக்க எங்களுக்கு மனமில்லை. எனவே 1980இல் திறக்கப்பட்ட சுரங்கப்பாதைக்குள் நுழைந்தோம். 3,080 மீட்டர் நீளம் கொண்ட அதன் நடுவில், ஒரு பலகையைத் தாண்டிய கணத்தில், நாடு மாறிவிட்டது. குளிர்காலக் கணக்குக்கு மாறியிருந்த சிலியின் கடிகாரப்படி எங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகவும் கிடைத்தது.

அந்த ஒரு மணி நேரத்தையும் அதற்கு மேலும் எல்லைச் சோதனைக்குக் கொடுத்தோம். சிலிக்குள் செல்பவர்களுக்கு இரு நாட்டுக் குடிவரவுச் சோதனையும் சுங்கமும் சிலிப் பக்கத்து லாஸ் லிபெர்தாதோரெஸ் வளாகத்தில் ஒரே கூரையின்கீழ் நடக்கின்றன. பழம், காய்கறி, விதை, தேன், இறைச்சி ஆகியவற்றை அறிவிக்காமல் கொண்டுசெல்பவர்களுக்கு அபராதம் உண்டு. ஆண்டிஸ் மலையும் அத்தகாமா பாலைவனமும் பசிபிக் கடலும் அரணாகச் சூழ்ந்திருப்பதால் பல பூச்சிகளும் நோய்களும் எட்டாத நாடு அது. பழ ஏற்றுமதியை நம்பி வாழும் அந்நாட்டுக்கு ஒரு பழ ஈ உள்ளே வந்தாலும் பேரிழப்பு. எங்கள் பெட்டியில் மிளகாய்ப்பொடியும் முழுக் கொத்தமல்லியும் இருந்தன. படிவத்தில் "ஆம்" என்று குறித்து, அதிகாரியிடம் எடுத்துக் காட்டினோம். அவர் பொடியை முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்தார். கொத்தமல்லியை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்துவிட்டு, முளைக்கக்கூடிய விதை என்பதால் எடுத்துக்கொண்டார். அபராதம் இல்லை, கடுஞ்சொல்லும் இல்லை. ஐயமிருந்தால் எழுதிக் காட்டிவிடுங்கள் என்பதே இவ்வழியில் வருபவர்களிடம் நான் சொல்லக்கூடியது.

வளாகத்தை விட்டு வெளியே வந்ததும் மலை திடீரென்று காலடியில் முடிந்துவிடுவதைப்போல் இருந்தது. கிழக்கே நாள் முழுதும் மெதுவாக ஏறிய உயரத்தை மேற்கே சில மணித்துளிகளில் இறங்கவேண்டும். கராகோலெஸ், அதாவது நத்தைகள் என்று பெயர் பெற்ற இறக்கத்தில், எண்ணிட்ட கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்தன. ஏறிவரும் லாரி முழு வளைவையும் எடுத்துக்கொள்ளும் என்பதால் ஓட்டுநர் ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் நின்று, அதற்கு வழிவிட்டே இறங்கினார். அந்த அரைமணி நேரம் அவர் மாத்தேயைத் தொடவில்லை; நாங்களும் பேசவில்லை. இறக்கத்தின் தலைமாட்டில் உள்ள போர்ட்டியோ பனிச்சறுக்கு மையத்தில், இன்கா ஏரியைப் பார்ப்பதற்காகச் சிறிது நேரம் நின்றது மட்டுமே இடைவேளை.

வளைவுகள் முடிந்த இடத்தில், எதிர்த்திசையில் ஓடும் ஒரு புதிய ஆறு கூட வந்தது. ஹுங்கால் என்னும் அந்த ஆறு, கீழே பிளாங்கோ ஆற்றுடன் சேர்ந்து அகொன்காகுவா நதியாகி, கொன்கோன் அருகே பசிபிக்கில் விழுகிறது. காலையில் பார்த்த நீருக்கும் இதற்கும் மூலம் ஒரே மலைத்தொடரின் பனிதான். 2010 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து பனி குறைந்ததால், மலையின் இருபுறத்து உழவர்களும் ஒரே வறட்சியைத்தான் அனுபவித்தார்கள். லாஸ் அந்தெஸ் நகருக்கு அருகில் மீண்டும் திராட்சைத் தோட்டங்களும் வாய்க்கால்களும் தோன்றின. வாய்க்கால் கரையில் ஒருவர் மதகுப் பலகையைத் தூக்கி நீரைத் தம் வரிசைக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அங்கே நதியை விட்டுப் பிரிந்து தெற்கே திரும்பினோம். 1817 பிப்ரவரி 12 அன்று சான் மார்ட்டினின் படை வென்ற சகபூக்கோ மலையைச் சாலை இப்போது சுரங்கத்தின் வழியே கடக்கிறது. மாலை ஐந்தரை மணிக்குச் சாந்தியாகோவில் எங்கள் விடுதி வாசலில் இறங்கினோம். பெட்டிகளை இறக்கி வைத்த ஓட்டுநர், கைபேசியில் மறுநாள் கணவாய் திறந்திருக்குமா என்று பார்த்தார். திறந்திருக்கும் என்று தெரிந்ததும், விடுதிச் சமையலறையில் வெந்நீர் கேட்டு வாங்கித் தம் புட்டியை நிரப்பிக்கொண்டு, லாஸ் அந்தெஸில் இரவு தங்கி விடியலில் மலையேறப் புறப்பட்டுப் போனார்.