மேக்னம் ரைஃபிள்: எந்தத் தோட்டா, எவ்வளவு துடைப்பு?

நிறைய வெடிமருந்தால் குண்டை மிக வேகமாகச் செலுத்துவது மேக்னம் ரைஃபிள். அது தரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த வேகத்தால் வருபவை. அருகில் நிற்கும் விலங்கின் தோள் எலும்பில் பட்டதும் குண்டு சிதறுவது அதனால்தான். பேரலின் தொண்டை, அதாவது குண்டு பேரலுக்குள் நுழையும் இடம், 1,500 முதல் 2,500 தோட்டாக்களுக்குள் கருகித் தேய்வதும் அந்த வேகத்தை உண்டாக்கும் வெடிமருந்தின் சூட்டால்தான்.

1963-ல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவையே எடுத்துக்கொள்வோம். அதன் முனையிலுள்ள 180 கிரெய்ன் குண்டு, அதாவது 11.7 கிராம், விநாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் வெளியேறும். செம்பு உறைக்குள் ஈயம் வைத்த சாதாரணக் குண்டு 250 மீட்டருக்கு அப்பால் அழகாக விரியும். 50 மீட்டரில் எலும்பில் பட்டால் மேலேயே நொறுங்கும். இறைச்சி பாழாகும், விலங்கும் காயத்தோடு ஓடிவிடும். எனவே மேக்னத்துக்கு ஈயமும் உறையும் ஒன்றாகப் பிணைந்த ‘பாண்டட்’ குண்டு, இல்லையென்றால் முழுச் செம்புக் குண்டு. இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும், தோட்டாவின் பித்தளை உறைக்குள் மருந்துக்கான இடத்தையும் தின்னும். ஆகவே ஒரு படி இறங்கி 165 கிரெய்ன் எடுப்பது நல்லது. செம்பு மூக்கு விரிய வேகமும் வேண்டும். பல குண்டுகளுக்கு இந்தக் கீழ் எல்லை விநாடிக்கு 550 முதல் 600 மீட்டர். 400 மீட்டருக்கு மேல் சுட நினைப்பவர் தயாரிப்பாளர் தரும் எண்ணைப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும்.

.300 வின்செஸ்டர் மேக்னம், .300 வெதர்பி மேக்னம், .300 வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம் மூன்றுக்கும் குண்டின் விட்டம் ஒன்றுதான், பித்தளை உறைதான் வேறு. பேரலில் பொறித்த பெயரும் தோட்டாவின் அடியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

உங்கள் ரைஃபிளுக்குரிய தோட்டாவிலேயே மூன்று வகைக் குண்டுகளில் வகைக்கொரு பெட்டி வாங்கி, மும்மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மூன்றுக்கும் பிறகு பேரலைக் கையால் சுகமாகப் பிடிக்க முடிகிற வரை ஆறவிடுங்கள். 100 மீட்டரில் 4 சென்டிமீட்டருக்குள் விழுந்தால் வேட்டைக்குத் தாராளம். பொருந்துவது தெரிந்ததும் ஒரே லாட் எண்ணில், அதாவது ஒரே தொகுதியாகத் தயாரானதில், சேர்த்து வாங்கிவிடுங்கள். லாட் மாறினால் குண்டு விழும் இடமும் மாறலாம்.

பலர் பார்க்காமல் விடுவது மேகசினுக்குள் நடப்பதை. ஒவ்வொரு உதைப்பிலும் உள்ளே காத்திருக்கும் தோட்டாக்கள் முன்சுவரில் மோதும். ஈய மூக்கு நசுங்குவதோடு போகாது, சில சமயம் குண்டே உறைக்குள் அமுங்கி அழுத்தத்தைக் கூட்டும். அடியில் கிடக்கும் தோட்டாவில், உறையின் வாய் குண்டைத் தொடும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, மேலே உள்ளவற்றைச் சுட்டபின் எடுத்துப் பாருங்கள். கோடு மறைந்திருந்தால் அந்தத் தோட்டாவைச் சுடாதீர்கள்.

வெயிலில் நிற்கும் காரில் தோட்டாவை வைக்கவே கூடாது, சூடும் அழுத்தத்தைக் கூட்டும். பேரலின் பின்புறத்தை மூடும் போல்ட்டைத் தூக்கக் கை முரண்டுகிறதா, உறையின் அடியில் பளபளவென்று ஒரு வட்டத் தடம் விழுகிறதா, அழுத்தம் மீறிவிட்டது, அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள்.

சுட்ட உறையில் மருந்தும் குண்டும் வைத்து மறுநிரப்பு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. .300 வின்செஸ்டர் மேக்னம் உறையின் அடியில் உள்ள பெல்ட் என்ற தடித்த வளையம், 1912-ன் .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டிலிருந்து வந்த சொத்து. பெல்ட்டை நம்பி ஒவ்வொரு முறையும் உறையின் தோளை, அதாவது அது கழுத்தாகச் சுருங்கும் இடத்தை, முழுதாகப் பின்தள்ளினால், பெல்ட்டுக்குச் சற்று மேலே உறை மெலிந்து சில சுற்றுகளிலேயே இரண்டாகப் பிரியும். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அது குப்பைக்கு. தோளை 0.05 மில்லிமீட்டர் பின்தள்ளினாலே போதும்.

இனி துடைப்பு. மேகசினையும் தோட்டா அமரும் சேம்பரையும் கண்ணாலும் விரலாலும் பார்த்துக் காலி என்று உறுதிசெய்து போல்ட்டைக் கழற்றுங்கள். வழிகாட்டிக் குழாயைச் செருகி, இணைப்பில்லாத ஒற்றைக் கம்பியைச் சேம்பர் பக்கமிருந்தே விடுங்கள். முன்வாய் விளிம்பில் கம்பி உரசினால் குறி போய்விடும். முதலில் கரிக்கான கரைப்பானில் மூன்று துணி, பத்து முறை பிரஷ். பிறகு அம்மோனியா கலந்த செம்புக் கரைப்பான், பாட்டிலில் எழுதியுள்ள நேரம் மட்டும். துணி நீலமாக வந்தால் செம்பு இன்னும் இருக்கிறது என்று பொருள். ஆனால் வெண்கல பிரஷும் பித்தளை முனையும்கூட அதே நீலத்தைத் தரும். அது தெரியாமல் மணிக்கணக்கில் தேய்ப்பவர்கள் உண்டு. இதற்கு நைலான் பிரஷும் பிளாஸ்டிக் முனையும் எடுங்கள்.

செம்பை ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டியதில்லை. குண்டுகள் விழும் இடம் சிதறத் தொடங்கும்போது எடுத்தால் போதும். கடைசியாக மெல்ல எண்ணெய். சுடப் போகும்முன் இரண்டு உலர்ந்த துணி விட்டு அதைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் குண்டு வேறெங்கோ போகும்.

போல்ட்டைப் பூட்டும் காது போன்ற முனைகளுக்குப் பின்புறம் அரிசி அளவு கிரீஸ். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் இருக்கும் உள்பக்கம் உலர்வாக இருக்கட்டும். கடுங்குளிரில் எண்ணெய் கெட்டியாகி அடி பலவீனப்படும்.

மேக்னத்தின் உதைப்பு திருகுகளைத் தளர்த்தும். தயாரிப்பாளர் சொல்லும் அளவே முதன்மை. அது கைவசம் இல்லையென்றால், ரைஃபிளை மரக் கட்டையோடு பிணைக்கும் திருகுக்கு 4.5 முதல் 5 நியூட்டன் மீட்டர், கட்டைக்குள் அலுமினியத் தாங்கல் இருந்தால் 7, ஸ்கோப் வளையத் திருகுக்கு 2. இறுக்கியபின் திருகின் தலையிலும் வளையத்திலும் சேர்த்து நெயில் பாலிஷில் ஒரு கோடு போட்டால், நகர்ந்தது ஒரு பார்வையில் தெரியும்.

மழையிலும் பனியிலும் பேரல் வாயில் மின்சார டேப் ஒரு துண்டு ஒட்டலாம். குண்டுக்கு முன்னே வரும் காற்றே அதைக் கிழித்துவிடும். சேறோ பனிக்கட்டியோ உள்ளே போனால் அந்த வேலை நடக்காது, பேரல் வெடிக்கும். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையென்றால், முன்வாயைப் பாதுகாப்பான திசையிலேயே ஒரு நிமிடம் பிடித்திருந்து பிறகு திறங்கள். வழக்கத்தைவிட மெலிதாக ‘டப்’ என்று கேட்டால் அடுத்த தோட்டாவை ஏற்றாதீர்கள். ஒரு நிமிடம் கழித்து ரைஃபிளைக் காலிசெய்து, போல்ட்டைக் கழற்றி, பேரலின் மறுமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று பின்புறமிருந்து பாருங்கள்.