"இரட்சிக்கப்பட்ட திகதி" எண்ட கட்டத்த நான் இன்னும் நிரப்பல்ல

2018ல ஒரு சபையில முழுக்கு ஞானஸ்நான வகுப்புக்குப் போனன், எட்டுக் கிழமை. கடைசிக் கிழமை ஒரு ஃபோர்ம் தந்தாங்க, பேர், பிறந்த திகதி, விலாசம், அதுக்குக் கீழ "இரட்சிக்கப்பட்ட திகதி" எண்டு ஒரு கட்டம், இயேசுவ விசுவாசிச்சு மீட்கப்பட்ட நாள் எதெண்டு எழுதோணும். பக்கத்தில இரிந்த தம்பி டக்கெண்டு எழுதிட்டான், நேரம் கூடப் போட்டான். எனக்குப் பேனை ஓடல்ல. வீட்ட போய் நிரப்பித் தாறன் எண்டு மடிச்சுப் பொக்கட்டில வச்சுட்டு வந்தன். அதுக்குப் பொறகு ரெண்டு வருசம் நான் பட்ட பாட்டத்தான் எழுதுறன், இதே இடத்தில நிக்கிற ஆக்கள் இன்னும் இரிப்பாங்க.

முதல்ல 2004 சொல்லோணும். நாங்க மட்டக்களப்பில கடற்கரைப் பக்கம் நாவலடி ஆக்கள். டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமை, அண்டைக்கு வெள்ளெனவே புளியந்தீவுக்கு சேர்ச்சுக்கு வந்துட்டம், அதால தப்பினம். பக்கத்து வீட்டில நாலு பேர், சைவ ஆக்கள், மாமாவத் தவிர மத்த மூணு பேரையும் கடல் கொண்டு போயிட்டு. முதல் நாள் பின்னேரம் நத்தார் கேக்கும் கொக்கிசும் எவர்சில்வர் தட்டில வச்சு நான்தான் கொண்டு போய்க் குடுத்தன், எனக்கு அப்ப 11 வயசு. தட்டிர அடியில அம்மாட பேர் புள்ளி புள்ளியா வெட்டி இரிந்திச்சு. வெறுந்தட்டத் திருப்பிக் குடுக்கிறல்ல எங்கட பக்கம், அதால மாமி "நாளைக்குத் தாறன் மனே" எண்டு உள்ளுக்கு எடுத்து வச்சா.

அதுக்குப் பொறகு எங்கட வீட்டில ஒரே வசனம்தான், கர்த்தர் எங்களத் தெரிஞ்செடுத்தார். அம்மா சபைக்கு முன்னால எழும்பி, கர்த்தர் செஞ்சதச் சாட்சி சொல்லக்குள்ள அழுது அழுது சொல்லுவா. எனக்கு ஒவ்வொரு முறையும் அந்தத் தட்டுத்தான் கண்ணுக்குள்ள வரும், எங்களத் தெரிஞ்செடுத்தாரெண்டா அப்ப மாமிய? வாய் திறந்து ஒருத்தரிட்டயும் கேக்கல்ல.

ஞானஸ்நான வகுப்பில ஆறாவது கிழமை முன்குறிப்பு படிப்பிச்சாங்க. ரோமர் 8, 9, எபேசியர் 1. உலகம் உண்டாக முன்னமே ஆர் இரட்சிக்கப்படுவாங்க எண்டு தேவன் தீர்மானிச்சிட்டார், மனுசன்ட விருப்பத்தால ஒண்ணும் இல்ல, கால்வின் எண்ட சீர்திருத்தச் சபைப் போதகர்ட வழியில வந்த ஆக்கள் 1618லயும் 1619லயும் நெதர்லாந்தில டோர்ட் எண்ட ஊரில கூடி அதத்தான் உறுதிப்படுத்தினாங்க எண்டு வகுப்பெடுத்த பிரதர் விளக்கினார். நல்லாத்தான் விளக்கினார், எங்கயும் ஓட்டை இல்ல. நான் கேட்டன், அப்ப தெரிஞ்செடுக்கப்படாத ஆக்கள் என்ன பாவம் செஞ்சாங்க? குயவனப் பாத்துக் களிமண் கேள்வி கேக்க ஏலாது தம்பி எண்டார். அதோட விட்டிருந்தாப் பரவாயில்ல, "தெரிஞ்செடுக்கப்பட்டவனுக்கு இந்தச் சந்தேகம் வராது" எண்டும் சொன்னார்.

அந்த ஒரு வசனம் என்னக் கொண்டுட்டு. சந்தேகம் வந்தா நான் லிஸ்டில இல்ல, லிஸ்டில இல்லாட்டி ஜெபிச்சும் பிரயோசனம் இல்ல, அப்ப எனக்கு உண்மையா விசுவாசம் இரிக்கா எண்டு ராவு ராவா எனக்குள்ளயே தோண்டிப் பாக்கிறது, தோண்டத் தோண்ட சந்தேகம்தான் வரும். சந்தேகம் கலக்காத நிச்சயத்த எங்களால நினைச்சுப் பாக்கவே ஏலாது எண்டு கால்வினே எழுதியிரிக்கார் எண்டதெல்லாம் கன காலத்துக்குப் பொறகுதான் படிச்சன். அப்பவே ஒருத்தர் சொல்லியிருந்தா எனக்கு எவ்வளவோ நித்திரை கிடைச்சிரிக்கும்.

ஃபோர்மக் குடுக்காமலே நிண்டுட்டன். சித்தப்பா ஒருத்தர் கடவுள் இல்லெண்ட ஆள், அவரிட்டப் போய் இரிந்தன். பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் பத்தி அவர்தான் சொன்னார், கேரளாவில ஒரு பாதிரியார்ட மகனாப் பிறந்து இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில படிப்பிச்ச மனுசன், அற்புதம் செஞ்சு காட்டினா ஒரு லட்சம் ரூபா எண்டு 1963ல சவால் விட்டு, 1978ல சாகும் வரைக்கும் ஒருத்தரும் அந்தக் காச வாங்கல்ல. சுனாமியப் பத்தியும் சித்தப்பா சொன்னார், சுமாத்திராப் பக்கம் கடலுக்கடியில நிலம் நகர்ந்தது மனே, தண்ணிக்கு உங்களையும் தெரியா பக்கத்து வீட்டையும் தெரியா. உண்மையச் சொல்றன், அதக் கேட்ட அண்டைக்குத்தான் நிம்மதியாப் படுத்தன். ஒருத்தரும் மாமிய வேணாமெண்டு விடல்ல.

ஆனா அதுவும் ஒரு ஆறு மாசம்தான். ஒரு நாள் சித்தப்பா சொல்றார், மனுசனுக்குச் சுயவிருப்பம் எண்டு ஒண்ணும் இல்ல, மூளையும் பரம்பரையும் வளர்ந்த இடமும்தான் எல்லாத்தையும் முடிவெடுக்குது, நீ கும்பிடுறதும் கும்பிடாம விடுறதும் கூட முன்னமே முடிஞ்ச விசயம் எண்டு. "அப்ப இதுவும் முன்குறிப்புத்தானே சித்தப்பா, எழுதின ஆள் மட்டும்தான் இல்ல" எண்டன். அதில சந்தேகப்பட என்ன இரிக்கு எண்டார். அந்த பிரதர்ட குரலேதான். எனக்கு உடம்பு ஒருக்காக் கூசிச்சு.

பொறகு 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில குண்டு வெடிச்சதும், ஞாயிறு பாடசாலை முடிஞ்சு வெளிய வந்து நிண்ட புள்ளைகள் செத்ததும் மட்டக்களப்பில ஒரு வீடும் மறக்காது. 2004ல சேர்ச்சுக்கு வந்ததால தப்பினம் எண்டு சொல்லிச் சொல்லி வளர்ந்த எனக்கு அண்டைக்கு அந்தக் கணக்கு முழுக்க உடைஞ்சு போச்சு, சித்தப்பாட கணக்கும் உதவல்ல, ஏனெண்டா இது கடல் இல்ல, ஒரு மனுசன் நல்லா நிச்சயத்தோட நடந்து வந்து செஞ்ச வேலை.

அடுத்த மாசம் எங்கட பழைய மெதடிஸ்த சேர்ச் ஐயாட்டப் போனன். 1814ல வில்லியம் ஓல்ட் எண்ட மிஷனரி மட்டக்களப்புக்கு வந்து தொடங்கின அந்த வழியிலதான் எங்கட பூட்டி காலத்து ஆக்கள் சேர்ந்தவங்க, ஆனா அந்தச் சபை முன்குறிப்பப் பத்தி என்ன சொல்லுதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல்ல. ஐயா சொன்னார், மெதடிஸ்த சபையத் தொடங்கின ஜோன் வெஸ்லி 1739லயே முன்குறிப்புக்கு எதிராப் பிரசங்கம் அச்சடிச்சவர், கிருபை எல்லாருக்கும் எண்டு, அதால கூட்டாளி வைட்ஃபீல்டோட பெரிய பிரிவு வந்திச்சு, ஆனா 1770ல வைட்ஃபீல்ட் செத்தபோது நினைவுப் பிரசங்கம் செஞ்சதும் வெஸ்லிதான். நான் கேட்ட கேள்வி 280 வருசமாப் பெரிய பெரிய ஆக்கள் கேட்ட கேள்வி எண்டது எனக்கு அப்பதான் தெரியும்.

மாமியப் பத்திக் கேட்டன். தனக்குத் தெரியா எண்டார். பாதிரியார் ஒருத்தர் தெரியா எண்டு சொன்னத அண்டைக்குத்தான் முதல் தரம் கேட்டன். மாற்கு 9ஐ எடுத்துத் தந்தார், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" எண்டு ஒரு தகப்பன் கத்துற இடம். சந்தேகத்தத் தீர்த்துட்டு வா எண்டு இயேசு அவனத் திருப்பி அனுப்பல்ல, புள்ளயத்தான் சுகமாக்கினார் எண்டார்.

இப்ப சேர்ச்சுக்குப் போறன், பாடுறன், திருவிருந்து எடுக்கிறன். நிச்சயம் இரிக்கா எண்டு கேட்டா இல்ல. ஃபோர்ம் பைபிளுக்குள்ளதான் கிடக்கு, கட்டம் வெறுமை.

பக்கத்து வீட்டு மாமா திராய்மடுவில, சுனாமிக்குப் பொறகு கட்டிக் குடுத்த வீட்டில தனிய இரிக்கார். 2019 நத்தாருக்கு 15 வருசத்துக்குப் பொறகு கேக் கொண்டு போனன். மனசில இரிந்ததக் கேட்டே விட்டன், மாமா, இதெல்லாம் தலையெழுத்தெண்டு நினைக்கிறீங்களா? கன நேரம் பேசல்ல. "தலையெழுத்தெண்டா கோபப்பட ஏலாது மனே. எனக்குக் கோபம் இரிக்கு" எண்டார். பொறகு எழும்பிப் போய்த் தட்டக் கழுவி, அதில ரெண்டு கதலிப்பழம் வச்சுத் தந்தார்.

வீட்ட வந்து அம்மாக்கு அவர் சொன்னத அப்படியே சொன்னன். அம்மா ஒண்ணும் சொல்லல்ல. அடுத்த முறை சாட்சி சொல்லக்குள்ள "தப்பினம்" எண்டு மட்டும் சொன்னா.