அம்மா பேரும் மாமியார் பேரும் பின்லாந்தில் பட்ட பாடு

பெண் குழந்தை பிறந்தால் பாட்டி பேர் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. பிள்ளை பிறந்த பத்தாம் நாள் பின்லாந்தின் எஸ்போ நகரில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியவள், பிரசவ லேகிய டப்பாவைத் திறந்துகொண்டே, "உங்க அக்காவுக்கு என் மாமியார் பேரத்தான் வச்சேன். எனக்கு அந்தப் பேரும் பிடிக்காது, அவங்களையும் பிடிக்காது. இருந்தாலும் வச்சேன்" என்றாள். இதைவிடத் தெளிவாக ஒருத்தர் கேட்க முடியாது.

அம்மா பேர் கமலா. நம்மூரில் தாமரை, அதில் உட்கார்ந்திருக்கும் லட்சுமி. ஃபின்னிஷ் மொழியிலும் கமலா என்று ஒரு சொல் உண்டு, உச்சரிப்பும் ஏறக்குறைய அதேதான், அர்த்தம் மட்டும் பயங்கரம், படுமோசம். பல்வலி வந்தால் கமலா, பனிப்புயல் அடித்தால் கமலா, ஆபீஸ் கேன்டீன் சூப் எல்லா நாளும் கமலா. சரி, மனைவியின் அம்மா பேரை வைத்துவிடலாம் என்றால் அவர் கலாவதி, ஊருக்கெல்லாம் கலா. இங்கே கலா என்றால் மீன். ஆக எங்கள் மகளுக்கு இருந்தது இரண்டே வழி, ஒன்று பயங்கரம், இல்லாவிட்டால் மீன்.

இதை அம்மாவிடம் யார் சொல்வது? நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே ஒரு வாரத்தை ஓட்டினோம். நல்லவேளையாக, இங்கே பிள்ளை பிறந்து மூன்று மாதத்துக்குள் பேரைப் பதிந்தால் போதும். ஃபின்னிஷ்காரர்கள் பெரும்பாலும் பேர் வைக்கும் சடங்கு வரைக்கும் குழந்தையின் பேரை மூச்சுவிட மாட்டார்கள், அதையே சாக்காக வைத்து "இந்த ஊர்ல முன்னாடியே சொல்லக் கூடாதும்மா" என்று சமாளித்தேன். அம்மா நம்பவில்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அதற்குள் குழந்தைக்கு வைக்கப் பதினேழு பேர்கள் வந்து குவிந்திருந்தன.

நடுவில் பேர் விஷயத்தில் அம்மாவுக்கு வேறு கண்டங்களும் வந்தன. குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்த நர்ஸின் பேர் ஸரி. இழுக்காமல், நாம் "சரி" என்று சொல்வது போலவே கூப்பிட வேண்டும். அவர் குழந்தையை எடை போட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா சித்தியோடு போனில் இருந்தாள். "சரி... சரிடி... சரி சரி, அப்புறம்?" ஒவ்வொரு சரிக்கும் அந்தப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்தார். நாலாவது சரிக்கு எடை மெஷினைப் பாதியில் விட்டுவிட்டு அம்மா பக்கத்தில் வந்து, என்ன வேண்டும் என்று பணிவாக நின்றார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. ஸரி என்பது சாரா என்ற பேரின் செல்லச் சுருக்கம், சாரா என்றால் எபிரேய மொழியில் இளவரசி. அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப முப்பத்தஞ்சு வருஷமா உங்கப்பா சொன்னதுக்கெல்லாம் நான் இளவரசி இளவரசின்னா பதில் சொல்லிட்டிருந்தேன்?"

அரசாங்கம் தரும் பிரசவப் பெட்டியில் குழந்தையைப் படுக்க வைத்திருந்தோம். உடுப்பு, போர்வையெல்லாம் போட்டு அட்டைப்பெட்டியில் வரும், அடியில் மெத்தையும் இருக்கும். 1938லிருந்து கொடுக்கிறார்கள். அம்மாவிடம் வரலாறு எடுபடவில்லை. "மாம்பழம் மாதிரி பெட்டியில போட்டு வச்சிருக்கீங்களே! ஒரு தூளி கட்டுடா, தூளி!" என்று வாசல்வரை கேட்கக் கத்தினாள். வாசலில் பக்கத்து வீட்டுச் சிறுமி பூட்ஸோடு நின்றிருந்தாள். அவள் பேர் தூலி. காற்று என்று அர்த்தம். கூப்பிட்டதாக நினைத்து உள்ளேயே வந்துவிட்டாள்.

அந்தத் தூலி புண்ணியத்தில் அம்மாவுக்கு இந்த ஊர்ப் பேர்கள் மேல் ஆசை வந்தது. லுமி என்றால் பனி, மெரி கடல், ஹெல்மி முத்து, சத்து கதை. முத்துலட்சுமி மாதிரிதானே என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஐனோவும் பிடித்தது. ஒரே ஒருத்தி என்ற பொருளுள்ள சொல்லை எலியாஸ் லொன்ரோத் தன் கலேவலா காவியத்தில் ஒரு பெண்ணுக்குப் பேராக்கிவிட்டார். ஆனால் அந்தக் கதை? கிழவனைக் கட்ட மாட்டேன் என்று தண்ணீரில் போய் மூழ்கிய ஐனோ, அப்புறம் அதே கிழவன் தூண்டிலில் மீனாக வந்து மாட்டுகிறாள். "எங்க சுத்தினாலும் மீனுக்கே வருதே அத்தை" என்று மனைவி வாய் தவறிச் சொல்ல, "மீனா? எந்த மீனு?" என்று அம்மா பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கும் கலா மட்டும்தான் வெளியே வந்தது. அம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சம்பந்தி பேர் மீனாம்! வீடியோ காலில் போட்டுக் கொடுத்தாள். மதுரைக்காரரான என் மாமியார் அசரவே இல்லை. "மீனாட்சியே மீன்தான், பாண்டியன் கொடியும் மீன்தான். இதுல என்ன இருக்கு சம்பந்தி?" என்றார்.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் அம்மா பேரும் வெளியே வந்தது. உறைபனியில் ஒரு அம்மாள் கால் வழுக்கி, பை கிழிந்து, முட்டையெல்லாம் உடைந்தது. "வொய் கமலா!" என்று அவர் அலற, அம்மா பதறிப்போய்க் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். வீடு வரும் வழியெல்லாம் ஒரே கேள்வி. "அந்தம்மாவுக்கு என் பேரு எப்படிடா தெரியும்?"

சொல்லிவிட்டேன். கொஞ்சம் முலாமும் பூசினேன். நாம் "பயங்கர டேஸ்ட்" என்று சொல்கிற மாதிரி இவர்களும் "கமலன் ஹுவா" என்பார்கள், பயங்கர நல்லது என்று அர்த்தம் என்றேன். அம்மா ரெண்டு நிமிஷம் பேசவில்லை. "உங்கப்பாகிட்ட சொல்லிடாத" என்றாள்.

கடைசியில் நட்சத்திரம்தான் காப்பாற்றியது. பிள்ளைக்கு அனுஷம், அனு என்று வைக்கலாம் என்றாள் மனைவி. அனு ஃபின்னிஷ் பேரும்தான், அன்னாவிலிருந்து வந்தது, அதன் மூலம் எபிரேயம், அருள் என்று பொருள். கூப்பிடவும் எழுதவும் யாருக்கும் கஷ்டமில்லை. ஆனால் இந்த நாட்டில் ஒரு பிள்ளைக்கு நாலு பேர் வரைக்கும் வைக்கலாம் என்ற சட்டத்தை எவனோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறான் (நான்தான்). ரெண்டு பாட்டிகள் பேரும் சேர வேண்டும் என்று ரெண்டு பக்கமும் பிடிவாதம். அனு கமலா கலா. படிவத்தில் தட்டிவிட்டு மனைவி சத்தமாகப் படித்தாள், அப்போதுதான் உறைத்தது. கமலா கலா, பயங்கர மீன்.

"வரிசைய மாத்திடலாமா அத்தை?" என்றாள் மெதுவாக.

அம்மா கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தாள். "மீனு எங்க வேணா இருக்கட்டும். பயங்கரம் அதுக்கு முன்னாடி வரணும்."