சிவப்பு குறைந்து நீலம் கூடிய இடம்

புற்று இருக்கிறதா என்று பார்க்க, ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து பயாப்ஸி ஊசியில் எடுக்கும் துண்டு சேமியா இழை மாதிரி இருக்கும். ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் வந்தால் நல்ல துண்டு. திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் விழுந்ததும் வளைந்துகொள்ளும். மெழுகில் பதிக்கும்போது அதை நேராகப் படுக்க வைக்காவிட்டால், மைக்ரோடோம் கருவியில் மெல்லிய சீவலாக வெட்டும்போது பாதித் துண்டு ஸ்லைடுக்கே வராது. 22 வருடமாகத் திருச்சியில் ஒரு லேபில் இந்த வேலைதான் எனக்கு. போன ஆடியில் வந்த 12 துண்டுகள் என் பெரியப்பாவுடையவை.

அவருக்கு 71 வயது. லால்குடி பக்கம் நெல் விவசாயம். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து சிறுநீர் கழிக்கப் போனதை வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டார். இடுப்பு வலிக்கு, வரப்பில் வழுக்கி விழுந்ததுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். புராஸ்டேட் சுரக்கும் புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பிஎஸ்ஏ பரிசோதனையில் 84 என்று வந்த பிறகுதான் பயாப்ஸிக்கே சம்மதித்தார்.

ரிப்போர்ட்டில் புற்று என்று வந்தது, கிளீசன் மார்க் 4+4=8. இந்த மார்க் முறையை 1966-இல் மினியாபோலிஸில் டொனால்ட் கிளீசன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் கொண்டுவந்தார். புராஸ்டேட்டுக்குள் இருக்கும் குட்டிச் சுரப்பிகள் எவ்வளவு உருக்குலைந்திருக்கின்றன என்று பார்த்துப் போடுவது, மார்க் கூடினால் நோய் முரடு. அருமையான முறை, இன்றைக்கும் சிகிச்சையை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆனால் மார்க் முழுக்கச் சுரப்பிகளுக்குத்தான். ஸ்லைடில் சுரப்பிகளுக்கு நடுவே ரோஸ் நிறத்தில் ஒரு பரப்பு இருக்கும். ஸ்ட்ரோமா என்போம். தசை, நார், ரத்தக்குழாய், நரம்பு எல்லாம் அதில்தான். நானும் பல வருடம் அதை வெறும் இடமாகவே பார்த்திருக்கிறேன். நிறம் சரியாக ஏறியிருக்கிறதா என்று மட்டும் கவனிப்பேன், அவ்வளவுதான்.

பெரியப்பா விஷயத்தில் அப்படி விட முடியவில்லை. அவரிடமும் எங்கள் டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு, துண்டு பதிந்த மெழுகு பிளாக்கில் மிச்சமிருந்ததில் இன்னும் ஒரு செக்‌ஷன் வெட்டி மேசன் டிரைக்ரோம் சாயம் போட்டேன். முதலில் பூவான் கரைசலில் சூடாக ஒரு மணி நேரம். ஸ்லைடு மஞ்சளாகிவிடும், அந்த மஞ்சள் போகும்வரை குழாய்த் தண்ணீரில் அலச வேண்டும். அப்புறம் கறுப்பு, சிவப்பு, கடைசியில் நீலம். தசை சிவப்பாக நிற்கும். கொலாஜன் நார் நீலமாகும்.

நல்ல புராஸ்டேட்டில் ஸ்ட்ரோமா பெரும்பாலும் மென்தசை. அதனால் டிரைக்ரோமில் சுரப்பிகளைச் சுற்றிச் செக்கச்செவேல் என்று இருக்கும். பெரியப்பாவின் துண்டில் ஒரு ஓரத்தில் அப்படித்தான் இருந்தது. ஸ்லைடை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனேன். புற்றுச் சுரப்பிகள் தொடங்கும் இடத்தில் சிவப்பு பிரிந்து பிரிந்து போய், நடுவில் நீலம் புகுந்து, கொஞ்ச தூரத்தில் முழுக்க நீலமாகிவிட்டது. தசை இருந்த இடத்தில் நார். அந்த நாரை நெய்வது ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். கை வெட்டுப்பட்டால் ஓடி வந்து புண்ணை மூடும் அதே வகைச் செல்கள்தான். புண் ஆறியதும் அவை அடங்கிவிட வேண்டும். இங்கே அடங்குவதில்லை. புற்றுக்கட்டி என்பது ஆறாத புண் என்று 1986-இல் ஹரால்ட் டிவோராக் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் எழுதினார். அதை எப்போதோ படித்தது, அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

இந்த ஸ்ட்ரோமா சும்மா பக்கத்தில் நின்று பார்க்கிறதா, இல்லை நோயைத் தூக்கிவிடுகிறதா? இதற்கு 1999-இல் வந்த ஒரு ஆராய்ச்சியை யாரிடமும் சொல்லாமல் இருக்க முடியாது எனக்கு. அமெரிக்காவில் ஒலூமி, கூன்ஹா என்ற ஆய்வாளர்களின் குழு செய்தது. மனிதப் புராஸ்டேட்டின் சுரப்பிச் செல்களில் ஒரு வகையை எடுத்துக்கொண்டார்கள். லேபில் ஓயாமல் பெருகும்படி மாற்றப்பட்டவை, ஆனால் எலிக்குள் வைத்தால் கட்டி ஆகாதவை. அவற்றோடு நல்ல புராஸ்டேட்டின் ஃபைப்ரோபிளாஸ்டைக் கலந்து எலியின் சிறுநீரக உறைக்கு அடியில் வைத்தார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதே செல்களோடு புற்றுக்கட்டிக்குள் இருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்டைக் கலந்து வைத்தபோது பெரிய கட்டிகள் வளர்ந்தன. செல் அதேதான், மாறியது துணை மட்டும். இதில் இன்னொன்றும் உண்டு. முற்றிலும் நல்ல சுரப்பிச் செல்லைக் கெட்ட ஃபைப்ரோபிளாஸ்டோடு வைத்தபோது அது புற்றாகவில்லை. பாதி வழி போன செல்லைத்தான் அது மீதி வழியும் இழுத்துப் போகிறது.

இது கூன்ஹாவுக்கு எதிர்பாராத விஷயமாக இருந்திருக்காது. புராஸ்டேட் உருவாகும் இடத்தில் உள்ள கருவின் அடித்திசுவை எடுத்து, வளர்ந்த சிறுநீர்ப்பையின் உள்தோலோடு சேர்த்து வைத்தால், அந்தத் தோலே புராஸ்டேட் சுரப்பியாக மாறும் என்று அதற்கு முன்பே எலிகளில் காட்டியவர் அவர். நீ என்னவாக வேண்டும் என்று பக்கத்துத் திசு சொல்கிறது, செல் கேட்கிறது.

சரி, அப்படியானால் இந்தக் கெட்ட ஃபைப்ரோபிளாஸ்டை ஒழித்துவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கணையப் புற்றுள்ள எலிகளில் அப்படிச் செய்து பார்த்த முடிவு 2014-இல் வந்தது. நோய் இன்னும் முரடாகிவிட்டது. வயலை மேயும் மாடு வேலியையும் முட்டிக்கொண்டு நிற்கிறது, அதற்காக வேலியைப் பிடுங்கினால் மாடு ஊருக்குள் போகும். சுற்றுத்திசு சில நேரம் உதவி செய்கிறது, சில நேரம் தடுக்கவும் செய்கிறது. எது எப்போது என்று பிரித்தறிவதுதான் பாடு. ஆனாலும் அமெரிக்காவின் ஹூஸ்டனில் அயாலா, ரௌலி போன்ற ஆய்வாளர்கள் இந்த மாறிய ஸ்ட்ரோமாவின் அளவுக்குத் தனி கிரேடே வகுத்து 2003-இல் வெளியிட்டார்கள். கட்டியில் பாதிக்கு மேல் அதுவாக இருந்தால் நோய் திரும்பும் ஆபத்து கூடுதல் என்று கண்டார்கள். வழக்கமான ரிப்போர்ட்டில் இதற்கும் ஒரு வரி இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

எலும்பு ஸ்கேனில் பெரியப்பாவுக்கு இடுப்பெலும்பிலும் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலும் பரவியிருந்தது தெரிந்தது. ஏன் எலும்புக்கே போகிறது என்று கேட்டார். லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்ற அறுவை மருத்துவர் 1889-இல் கேட்டதும் இதே மாதிரிக் கேள்விதான். மார்பகப் புற்றில் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பார்த்தவர், கல்லீரலில் அடிக்கடி காண்பது மண்ணீரலில் ஏன் அபூர்வம் என்று யோசித்து, விதை எல்லாப் பக்கமும் போகும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். நான் பெரியப்பாவிடம் நாற்றங்காலைச் சொன்னேன். புராஸ்டேட் நாற்றங்கால், எலும்பு நடவு வயல். எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உண்டாக்கும் தாய்ச் செல்களுக்கென்று ஒதுங்கிய இடங்கள் உண்டு. புராஸ்டேட் புற்றுச் செல்கள் அந்த இடத்துக்கே போட்டியிட்டுக் குடியேறுவதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2011-இல் எலிகளில் காட்டினார்கள். குடியேறியதும் எலும்பு கட்டும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. எக்ஸ்ரேயில் அந்த இடம் வெள்ளையாகத் தெரிவது அதனால்தான். எலும்பு கூடுகிறது, ஆனால் கன்னாபின்னா என்று கட்டிய சுவர் மாதிரி, பலம் இருக்காது.

"அப்போ விதைக்கு மட்டும் மருந்தடிச்சாப் போதாதா, அம்மாடி?" என்றார்.

போதாது பெரியப்பா, என்றேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஹார்மோன் ஊசி, இந்தப் புற்றை வளர்க்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை நிறுத்துகிறது. 1941-இல் சார்லஸ் ஹகின்ஸ் என்ற மருத்துவர் திறந்த வழி அது, அதற்கு நோபலும் கிடைத்தது. அது விதைக்கு. மண்ணான எலும்புக்கென்று தனி ஊசி ஒன்று, அதற்கு முன்னால் பல் டாக்டரிடம் காட்டி வரச் சொன்னார்கள். அந்த ஊசியால் தாடை எலும்பில் சிக்கல் வராமல் இருக்க. ரேடியம்-223 என்று ஒரு மருந்தும் இருக்கிறது. கால்சியம் போல நடித்து, புது எலும்பு வளரும் இடத்துக்கே போய் உட்கார்ந்து, ஒரு முடியின் பருமன் அளவு தூரத்துக்குக் கதிர் வீசும். ஹார்மோன் ஊசிக்குக் கட்டுப்படாமல் எலும்புக்குப் பரவியவர்களிடம் நடந்த பெரிய பரிசோதனையில், அது இல்லாதவர்களில் பாதிப் பேர் 11.3 மாதம் தாண்டி இருந்தார்கள், அது போட்டவர்களில் பாதிப் பேர் 14.9 மாதம் தாண்டி இருந்தார்கள் என்று 2013-இல் வந்தது. மூன்றரை மாதம். கேட்கச் சின்னதாக இருக்கும். ஒரு குறுவை அறுத்து வீடு சேர்க்கும் காலம் அது. பெரியப்பாவுக்கு இப்போது அது தேவைப்படவில்லை.

பொங்கலுக்குப் போனபோது அந்த டிரைக்ரோம் ஸ்லைடை டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுத்துப் போனேன். பிஎஸ்ஏ 1.2-க்கு இறங்கியிருந்தது, நடையில் தெம்பு தெரிந்தது. திண்ணையில் உட்கார்ந்து, ஸ்லைடின் இரண்டு ஓரத்தையும் விரல் நுனியில் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். இழை சன்னமாக, ஒரு முனை சிவந்து மறுமுனை நீலமாகத் தெரிந்தது.

"இந்த நீலமெல்லாம் முன்னாடி செவப்பா இருந்ததா?"

"ஆமா பெரியப்பா."

ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டின் முனையால் ஸ்லைடின் பின்பக்கத்தைத் துடைத்து, டப்பாவில் அவரே வைத்து மூடிக் கொடுத்தார்.