பிடரி படிய வேண்டுமென்றால் வேரைப் பழக்குங்கள்

மினியேச்சர் குதிரைக்குக் கழுத்து குட்டை, பிடரி மயிரோ அடர்த்தி. அந்தச் சின்னக் கழுத்தில் அவ்வளவு மயிரும் ஒரே பக்கம் விழ இடம் போதாமல், பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் போக, நடுவில் ஒரு கொத்து விறைத்து நிற்கும். பார்த்ததும் பலர் நுனியில் தண்ணீர் தெளித்து, ஜெல் தடவி, அழுத்தி வாரிவிடுகிறார்கள். காய்ந்ததும் பழையபடி எழும்பிவிடும். மயிர் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை முடிவு செய்வது வேரை ஒட்டிய முதல் இரண்டு சென்டிமீட்டர்தான். படிய வைக்கும் வேலை முழுக்க அந்த இரண்டு சென்டிமீட்டருக்காகவே.

எந்தப் பக்கம் படிய வைப்பது? ஆங்கிலேய சவாரி மரபில் வலப்பக்கம். குதிரையை இடப்பக்கம் நின்று நடத்துவதால், வலப்பக்கம் விழும் பிடரி கைக்கயிற்றில் சிக்காது. அதற்காக மயிரோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிடரியை வேர்வரை நனைத்துச் சீப்புப் படாமல் விட்டுவிடுங்கள். குதிரை தானாக உதறிக் காயும்போது பெரும்பங்கு எந்தப் பக்கம் விழுகிறதோ அதுவே அதன் பக்கம். பிடரி முளைக்கும் கழுத்து மேட்டோரம் சுழி இருந்தால் அந்த இடத்து மயிர் மட்டும் முரண்டு பிடிக்கும். எங்கே என்று இப்போதே பார்த்து வையுங்கள். ஒரு வயது நிரம்பாத குட்டிக்குப் பிடரி பஞ்சுபோல நிற்பது இயல்பு. அதைப் பின்ன வேண்டாம், ஈரத் தூரிகையால் தினமும் ஒரு பக்கம் தடவிவிட்டால் போதும்.

சீப்பை எடுப்பதற்கு முன் கழுத்து மேட்டைக் கையால் பிடித்துப் பாருங்கள். மேடு உள்ளங்கை நிறைய இருந்து, இப்படியும் அப்படியும் எளிதாக வளையவில்லை என்றால், அங்கே கொழுப்பு படிந்திருக்கிறது. இதை 0 முதல் 5 வரை மதிப்பிடும் அளவுகோலில் நான் சொன்ன நிலை 3. ஐந்தில் மேடே ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். இந்தச் சிறு இனங்களுக்கு இன்சுலின் கோளாறும், அதன் வழியே குளம்பு அழற்சியும் வரும் வாய்ப்பு அதிகம். பிடரி திடீரென்று இரண்டாகப் பிரிய ஆரம்பித்தால் அது தீவனப் பிரச்சினையின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். அப்போது தேவை கால்நடை மருத்துவர். எத்தனை பின்னல் போட்டாலும் சரிந்த மேட்டின் மேல் மயிர் நேராக விழாது.

இனி வேலை. முந்தைய நாள் ஷாம்பு போட்டு, விரல் நுனியால் வேரைத் தேய்த்து, நுரை துளியும் மிஞ்சாமல் அலசுங்கள். மிஞ்சிய நுரை அரிக்கும், அரித்தால் குதிரை வேலியில் உரசும், பின்னல் அத்தோடு போச்சு. சிக்கு எடுக்கும் சிலிக்கான் தெளிப்பான் நடுவிலிருந்து நுனிவரை மட்டும். வேரில் பட்டால் வழுக்கிப் பின்னல் நிற்காது. நுனியில் தொடங்கி மேலே மேலே சிக்கெடுங்கள்.

மறுநாள் வேரை மட்டும் நனைத்து, வேண்டிய பக்கத்துக்குப் படிய வாரி, 3 செ.மீ. அகலத்துக்கு ஒரு கற்றையாகப் பிரியுங்கள். 34 அங்குல உயரக் குதிரைக்குப் பத்துப் பன்னிரண்டு கற்றை வரும். அகலம் கூடினால் பின்னல் கனத்து, நடு மயிர் மட்டும் இழுபட்டு, ஓரத்து மயிர் நழுவி நிற்கும். சாதாரண மூன்று புரிப் பின்னல் போதும். முக்கியம், கை இருக்கும் இடம். பின்னும்போது கையைக் கழுத்தை ஒட்டியே வைத்துக் கீழ்நோக்கிப் பின்னுங்கள். நமக்கு வசதியாகக் கையை வெளியே இழுத்துப் பின்னினால், வேர் அந்தக் கோணத்தையே பழகிக்கொண்டு, அவிழ்த்த பிறகு மயிர் கூரை ஓரம்போலத் தூக்கிக்கொண்டு நிற்கும். முதல் இரண்டு திருப்பைத் தளர்வாகவும் அடுத்ததைக் கொஞ்சம் இறுக்கியும் போட்டு, நுனிக்கு 4 செ.மீ. முன்பே நிறுத்தி, சிறிய சிலிக்கான் ரப்பரை மூன்று நான்கு சுற்றுச் சுற்றுங்கள். எத்தனை ரப்பர் போட்டோம் என்று எண்ணிக் குறித்து வையுங்கள். ஒன்று குறைந்தால் தீவனத்தில் விழுந்ததா என்று தேட வேண்டும்.

இறுக்கம் சரியா என்று அறிய, ஒவ்வொரு பின்னலையும் முடித்ததும் ஒரு பிடி வைக்கோலைத் தரையில் போட்டுக் குதிரையைத் தலை குனிய விடுங்கள். கழுத்து நீளும்போது மயிரடியில் தோல் சின்னச் சின்னக் கூடாரம்போல எழும்பினால் பின்னல் இறுக்கம். உடனே அவிழ்த்து மறுபடி பின்னுங்கள். விட்டுவைத்தால் இரவோடு இரவாக மரத்தில் தேய்த்து வேரோடு பிய்த்துக்கொள்ளும். பிடரி மாதம் சுமார் 2 செ.மீ. வளர்வதால், ஒரு ராத்திரி உரசியதைச் சரிசெய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிடும். நுனியில் கனம் கட்டித் தொங்கவிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தலையை ஆட்டும்போதெல்லாம் அது ஆடி வேரைத்தான் இழுக்கும்.

ஐந்து முதல் ஏழு நாள் வைத்து அவிழ்த்து, அலசி, ஒரு நாள் ஓய்வு விட்டு மறுபடி பின்னுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலான பிடரி பழகிவிடும்; சுழி உள்ள இடத்துக்கு இன்னும் இரண்டு சுற்று. மழையில் நனைந்தால் அன்றே அவிழ்க்க வேண்டும். பின்னலின் அடியில் ஈரம் தங்கினால் தோலில் பொருக்கு கட்டிவிடும். மற்ற குதிரைகளோடு மேயவிடும் நாளிலும் பின்னல் வேண்டாம், ஒன்றையொன்று கடித்துவிடும். ரப்பரைக் கத்தரியால் வெட்டாமல், தையல் பிரிக்கும் ஊசியால் அறுத்தால் மயிர் தப்பும்.

பின்னியும் படியாத கனத்த பிடரியை இலேசாக்க வேண்டும். எப்போதும் அடிப்பக்கம், கழுத்தை ஒட்டிய மயிரிலிருந்து எடுங்கள். ஐந்தாறு மயிரைப் பிடித்து, மீதியை மேலே தள்ளிவிட்டு, சீப்பில் ஒரு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று ஒரே இழுப்பில் பிடுங்குங்கள். உடல் சூடாக இருக்கும்போது, கொஞ்சம் ஓடவிட்ட பிறகு செய்வது நல்லது; ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். காதைப் பின்னுக்கு மடக்கினாலோ வாலைச் சுழற்றினாலோ அன்றைக்கு நிறுத்துங்கள். மேற்பரப்பிலிருந்து எடுத்தால் ஆறு வாரத்தில் குட்டை மயிர் முளைத்துத் தூரிகையாக நிற்கும். அடியில் ஒரு விரல் அகலத்துக்கு மெஷினால் வழித்துவிடும் குறுக்கு வழியும் உண்டு. அது உடனே படியும், ஆனால் முளைக்கும் மயிர் மேல் மயிரைத் தூக்கிவிடும் என்பதால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வழித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

லைக்ரா என்னும் இழுபடும் துணியில் தைத்த கழுத்துறையை ராத்திரியில் போடலாம். மாட்டும்போது உறை மயிரைக் குலைத்துவிடும். கையை உள்ளே விட்டு வேரிலிருந்து நுனிவரை நீவிச் சரிசெய்யாவிட்டால் தப்பான பக்கத்திலேயே படிந்து விடியும். வெயில் காலத்தில் போடாதீர்கள்.

அமெரிக்கப் போட்டிகளில் மினியேச்சர் குதிரையைப் பிடரியைப் பின்னாமல் நீளமாகவே விட்டுக் காட்டுவார்கள். பின்னல் அலை போக, முந்தைய நாளே அவிழ்த்து நனைத்து வாரிவிடுங்கள். தலைக்கயிறு உட்காரும் இடத்தை, காதை மடித்து வைத்து அது எட்டும் தூரம்வரை வழிப்பார்கள். உடல் மயிரை மெஷினில் வெட்டும்போது பிடரி ஓரத்தில் ஒரு விரல் விட்டு நிறுத்துங்கள். அந்த ஓரம் வெட்டுப்பட்டால் நிற்கும் குச்சி மயிர்தான் அடுத்த சில மாதத் தலைவலி.

தோள்மேட்டுப் பக்கம் கடைசி ஒரு சாண் மயிர்தான் எல்லாவற்றிலும் பிடிவாதம், குட்டையாக இருப்பதால் பின்னலும் நழுவும். அங்கே இரண்டு கற்றையை ஒன்றாகச் சேர்த்துப் பின்னுங்கள். எரிச்சலில் கத்தரிக்கோலை மட்டும் எடுக்காதீர்கள். 1978-இல் தொடங்கிய அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கம் 34 அங்குல உயர வரம்பை அளப்பது பெரிய குதிரைகளுக்குப்போலத் தோளின் உச்சியில் இல்லை, பிடரியின் கடைசி மயிர் முளைத்திருக்கும் புள்ளியில்தான். அந்த மயிர் போனால் அளவுகோல் வைக்கும் அடையாளமே போய்விடும்.